செவ்வாய்க் காய்ச்சல்

செவ்வாய்க்கிழமை வந்தால் சங்குமுனையில் அடி விழும். புதன்கிழமை விடிந்தால் யாருக்கும் அது ஞாபகம் இருக்காது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவான்கள் தலைநகரத்தில் இருந்தார்கள். அதை வாரம் தவறாமல் நடத்திக்கொடுத்த பாவிகளில் ஒருவர் ஏட்டு சூசைராஜ்.

நாட்டை வருஷக்கணக்காக ஆண்டுகொண்டிருந்தது காபந்து அரசு. அடுத்த தேர்தல் வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள். அடுத்த தேர்தல்தான் வந்தபாடில்லை. அவர்கள் சங்குமுனையில் கட்டிய ரசாயன ஆலை கடலில் எதையோ கொட்டியது. முதலில் மீன் செத்து ஒதுங்கியது. பிறகு பிள்ளைகளுக்கு மூச்சு இரைத்தது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஊரே ஆலைக்கு முன்னால் இருக்கும் மைதானத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து வாரா வாரம் அதே கிழமைதான். முதல் நாள் சுட்டார்கள். சுட்டால் என்ன ஆகும் என்பது அரசுக்குத் தெரியாமல் இல்லை. செத்தவனுக்குப் படம் மாட்டுவார்கள், வருஷா வருஷம் நினைவுநாள் கும்பிடுவார்கள், பிறக்கிற பிள்ளைக்கு அவன் பெயரை வைப்பார்கள். அந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் அதே நாளில் பனியையும் விட்டுப் பார்த்தார்கள்.

பனி என்பது போலீஸ்காரர்கள் வைத்த பெயர். கூட்டத்தின்மேல் தண்ணீர் பீய்ச்சும் வண்டியின் தொட்டியில் மருந்தைக் கலந்து புகையாக விடுவார்கள். அதைச் சுவாசித்தவனுக்கு அன்று காலையில் கண்விழித்ததிலிருந்து நடந்த எதுவும் தலையில் தங்காது. கொஞ்ச நேரம் பேயறைந்தவன்போல் தரையில் உட்கார்ந்திருப்பான். அப்புறம் எழுந்து வீட்டைப் பார்த்து நடப்பான். உடம்பெல்லாம் வலிக்கும், ஏன் என்று தெரியாது. சுகாதாரத் துறை இதற்குச் செவ்வாய்க் காய்ச்சல் என்று பெயர் சூட்டி, கடற்காற்றால் வருவது என்று வானொலியில் சொல்லி, மஞ்சள் மாத்திரையும் கொடுத்தது. வேறு விதமாகப் பேசினால் வதந்திச் சட்டம் பாயும். ஊரில் யாரும் முட்டாள் இல்லை. ஆனால் தன் தலைக்குள்ளேயே இல்லாத ஒன்றை எவன் அடித்துப் பேசுவான்?

பனி வண்டியின் வால்வு சூசைராஜ் கையில் இருந்தது. அவர் வால்வைச் சோதித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க் காலையில்தான், தலைநகரத்திலிருந்து வந்திருந்த டாக்டர் மாதங்கி எஸ்.பி. கோமதிநாயகத்தைப் பிடித்துக்கொண்டார். மருந்தைச் செய்தவர் அந்த அம்மாள். முகத்தில் தூக்கம் இல்லை.

"சார், ஒவ்வொரு வாரமும் கூட்டம் கூடுதே தவிர குறையல. கவனிச்சீங்களா?"

"கூடட்டுமே டாக்டரம்மா. மைதானம் பெருசுதான்."

"ஒருத்தரை எதுக்கு அடிக்கிறோம்? அடுத்த தடவை வரப் பயப்படணும்னுதானே. இவங்களுக்கு அடி வாங்கினதே தெரியாது. அப்புறம் பயம் எங்கேருந்து வரும்? புதன்கிழமை எழுந்து என்ன நினைக்கிறாங்க தெரியுமா? போராடப் போகணும்னு இருந்தோம், பாழாப்போன காய்ச்சல்ல படுத்துட்டோமேன்னு. வெட்கப்படுறாங்க. அந்த வெட்கத்துல அடுத்த வாரம் புருஷனையும் மாமியாரையும் சேர்த்துக் கூட்டிட்டு வர்றாங்க. பயத்தை நாமளே கழுவி விட்டுட்டு, ஆளைப் புதுசாக்கி அனுப்புறோம்."

கோமதிநாயகம் சிரித்தார். "வந்தா அடிப்போம், மறக்கடிப்போம். நமக்கு என்ன நட்டம்?"

"உங்க ஆட்களுக்கு மறக்கலையே சார்."

"அதுக்குத்தானே மாஸ்க் குடுத்திருக்கிய."

"அதைத்தான் சொல்றேன். இந்த மைதானத்துல நடந்தது மொத்தமும் ஞாபகம் இருக்கிறது உங்க ஆட்களுக்கு மட்டும்தான். அதை எத்தனை நாளைக்குச் சுமப்பாங்க?" டாக்டர் குரலைத் தணித்தார். "கூட்டத்துல கொஞ்சம் பேருகிட்ட ரத்தம் எடுத்துச் சோதிக்கணும். மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கணும்."

"ரத்தமா? சாயங்காலம் வாங்க. தரையில கெடக்கும், அள்ளிக்கிடுங்க."

அவ்வளவுதான். டாக்டர் அம்மாள் அன்றைக்கே ஊரைவிட்டுப் போய்விட்டார். சுமை என்று அவர் சொன்ன சொல் மட்டும் சூசைராஜின் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சுமையை இறக்கி வைக்கப் போலீஸ்காரர்கள் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாது.

அதை ஆரம்பித்து வைத்தவரும் கோமதிநாயகம்தான். ஒரு செவ்வாய்க்கிழமை, தடியடிக்கு முன்னால், ஜெரோம் என்கிற மீன்வள்ளக்காரர் முன்னால் வந்து, "ஐயா, என் தம்பி எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்" என்று கைகூப்பினார். எஸ்.பி. அண்ணாந்து பனி வண்டியைப் பார்த்தார், பிறகு மைக்கைப் பிடித்தார். "ஒன் தம்பியா? ஸ்டேஷன்ல வச்சு அடிச்சோம். செத்துட்டான். போதுமா?" என்று சொல்லிச் சிரித்தார். கூட்டம் ஓவென்று கதறியது. அரைமணி நேரத்தில் பனி. மறுநாள் அதே ஜெரோம் கடைவீதியில் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

இதைப் பார்த்த போலீஸ்காரர்களுக்கு ஒரு கதவு திறந்துவிட்டது. நெஞ்சில் கிடந்து அழுகுவதையெல்லாம் செத்தவனின் வீட்டாரிடமே சொல்லலாம். அவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள், காறித் துப்புவார்கள். மாலைக்குள் எல்லாம் துடைத்த பலகை. வாரா வாரம் போலீஸ்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னார்கள். பாவசங்கீர்த்தனம் என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். மாதா கோயிலில் பாவத்தைச் சொன்னால் சாமியார் பரிகாரம் சொல்லுவார். இங்கே அதுவும் இல்லை. சொல்லிவிட்ட ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. நாடு முழுக்கப் பொய் சொல்லி ஆண்டுகொண்டிருந்த அரசின் போலீஸ், வாரத்தில் ஒருநாள், அடி போடுவதற்கு முன்னால் மட்டும், மக்களிடம் உண்மை பேசியது. கேடுகெட்ட பிழைப்பு.

சூசைராஜ் வீட்டுக் கதை இதைவிடக் கேவலம்.

அவருக்கு ஒரே மகன், லியோன். முதல் நாள் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போனான். அவன் கூட்டத்தில் இருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது, விழுந்த பிறகுதான் பார்த்தார். வாயைத் திறந்தால் வேலையும் போகும், வதந்திச் சட்டத்தில் தானும் உள்ளே போக வேண்டும் என்று பயந்தார். வீட்டுக்கு வந்து மனைவி பிலோமினாவிடம், "கலவரத்துல மாட்டிக்கிடாம இருக்கட்டும்னு ஏஜெண்டுகிட்ட சொல்லி அவனைக் கப்பல்ல ஏத்திவிட்டுட்டேன்" என்றார். அந்த ஊரில் அது நடக்காத காரியம் இல்லை. பையன்கள் திடீரென்று சரக்குக் கப்பலில் ஏறிவிடுவார்கள், மாசக்கணக்கில் போன் வராது. இன்னொரு செல்போன் வாங்கி, வாரத்துக்கு ஒருமுறை மகன் அனுப்புகிற மாதிரி அவரே செய்தி அனுப்பினார். 'அம்மா, நல்லா இருக்கேன். இங்க ரொம்பக் குளிரு.' பெற்ற மகனைக் கொன்றவர்களோடு நின்று சம்பளம் வாங்கிக்கொண்டு, அவன் பெயரில் குளிரைப் பற்றி எழுதுகிற தகப்பனுக்கு என்ன பெயர் வைப்பது? அவர் அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தார். அவளிடம் உண்மையைச் சொன்னால் அவள் போய்விடுவாள். அவள் போய்விட்டால் அவருக்கு யாருமே இல்லை. அந்த ஒரே பயம்தான் அவரை நடத்தியது.

ஆனால் பிலோமினாவுக்கு எழுத்து போதவில்லை, குரல் வேண்டியிருந்தது. குரல் வராமல் போகப் போக, காணாமல்போன பிள்ளைகளின் தாய்மார்களோடு சேர்ந்து அவளும் மைதானத்துக்கு வந்துவிட்டாள். மாஸ்க் போட்ட போலீஸ்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தவள் பனி வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள், மாஸ்க் போட்டால் தெரியாதா?

"நீங்களா?" என்றாள். "இங்கன என்ன செய்தீய?"

சூசைராஜ் வால்வைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அந்த நினைப்பே அவருக்குத் தைரியம் கொடுத்தது.

"பிலோமி, லியோன் கப்பல்ல போகல. செத்துட்டான். மொத நாளே சுட்டுட்டாவ."

அவள் வண்டிச் சக்கரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் அவள் முதுகில் ஓங்கித் தடியால் போட்டான். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். உத்தரவு வந்ததும் வால்வைத் திறந்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் முதுகைத் தடவிக்கொண்டே, "காய்ச்சல்ல எங்கயோ விழுந்திருக்கேன் போல. ஏங்க, லியோன் ஏதும் அனுப்புனானா?" என்று கேட்டாள். அவர் செய்தியைக் காட்டினார். அவள் அதை வாசித்துச் சிரித்தாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்றைக்குத்தான் அவர் பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த செவ்வாயும் அவள் வந்து நின்று கேட்டாள். அடுத்த செவ்வாயும் அவர் சொன்னார். சொல்லாமல் தவிர்த்திருக்க முடியாதா என்றால், முடியும். அவருக்கு அது வேண்டியிருந்தது. வாரம் முழுக்கப் பொய்யைச் சுமந்தவருக்கு அந்த அரைமணி நேரம் ஆறுதல். தன் ஆறுதலுக்காக அவளுக்கு வாரா வாரம் மகனைப் புதிதாகச் சாகடித்தார், ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு முதல் தடவை என்று தெரிந்தே.

போகப் போக அவள் கதறுவது குறைந்தது. அழுகையை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டாள். சுட்டது யார்? சப்-இன்ஸ்பெக்டர் பாலவேசம். எங்கே புதைத்தீர்கள்? ஆலைக்குப் பின்னால், பழைய உப்பளத்தில். மற்றப் பிள்ளைகளும் அங்கேதானா? ஆமாம். கடைசியாக எப்போதும் ஒன்று கேட்பாள்: "வலிச்சுதா அவனுக்கு?"

"இல்ல. விழுந்த ஒடனே உயிர் போயிட்டு."

உண்மை பேசுகிற அந்த இடத்தில்கூட அவர் சொன்ன ஒரே பொய் அது. அவள் தலையாட்டிவிட்டுப் போய்க் கூட்டத்தோடு உட்கார்ந்துகொள்வாள். மருந்து பழக்கத்தில் அவளை அமைதிப்படுத்துகிறது, மாதாவின் கிருபை என்று அவர் நினைத்துக்கொண்டார். வீட்டில் காயங்களைப் பற்றி அவள் கேட்பதை நிறுத்தியதும் கிருபைக் கணக்கிலேயே சேர்ந்தது.

கடைசிச் செவ்வாய்க்கிழமை வெயில் கொளுத்தியது. ஊரில் ஒரு வீட்டில்கூட ஆள் இல்லை, அவ்வளவு பேரும் மைதானத்தில். பெண்கள் தலையில் காலி மீன் கூடைகளோடு வந்திருந்தார்கள். மத்தியானத்திலிருந்து வழக்கப்படி செல்போன் கோபுரங்களை எஸ்.பி. அணைக்கச் சொல்லியிருந்தார். பாவசங்கீர்த்தனம் நடந்தது, தடியடி நடந்தது. சூசைராஜ் வால்வைத் திறந்தார். வெள்ளைப் புகை தாழ்வாகப் படர்ந்து மைதானத்தை மூடியது. கூட்டம் எப்போதும்போல் தரையில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்தது.

அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு பெண் எழுந்தாள். மீன் ஏலம் போடுகிற மரியதங்கம். நெற்றியில் ரத்தம் வழிய, நேராக ஒரு கான்ஸ்டபிளிடம் நடந்து போனாள்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் கழுத்துல பூட்ஸ் காலை வச்சேன்னு நாலு வாரமா அழுதீய. இன்னைக்கு ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் சத்தம்கூடப் போடவில்லை. அந்தக் கான்ஸ்டபிள் பின்னால் நகர்ந்தான். அதற்குள் இன்னொருவர் எழுந்திருந்தார், இன்னொருவர், பிறகு கூட்டம் மொத்தமும். ஒரு தள்ளுமுள்ளு இல்லை. கல்யாணப் பந்தியில் அவரவர் இலைக்குப் போகிற மாதிரி, அவரவர் போலீஸ்காரனுக்கு முன்னால் போய் நின்றார்கள். யார் யாரைக் கொன்றான், எங்கே வைத்துக் கொன்றான், செத்தவன் கடைசியாக என்ன சொன்னான் என்று அவன் வாயால் வாரா வாரம் சொன்னதையெல்லாம் அவனுக்கே திருப்பிச் சொன்னார்கள். ஜெரோம் எஸ்.பி.யிடம் போனார்.

"ஐயா, என் தம்பி செத்ததைச் சிரிச்சுக்கிட்டே சொன்னீய. இன்னொரு தடவை சிரிங்க, பாக்கணும்."

கோமதிநாயகம் சுடச் சொன்னார். யாரும் சுடவில்லை. தலைநகரத்தைக் கூப்பிடச் செல்போனை எடுத்தார். அவர் உத்தரவுப்படியே அது செத்துக் கிடந்தது.

அப்போதுதான் முதல் மாஸ்க் கழன்றது. மரியதங்கத்துக்கு முன்னால் நின்ற கான்ஸ்டபிள் அதைப் பிய்த்து எறிந்துவிட்டு, தண்ணீர் குடிக்கிற மாதிரி வாயைத் திறந்து பனியை இழுத்தான். இவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்பதை மட்டுமாவது மறக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அவனைப் பார்த்து அடுத்தவன், பிறகு பாலவேசம். வாரக்கணக்கில் இதைக் குடித்துப் பழகிய ஊருக்கு எதுவும் ஆகவில்லை. ஒருநாளும் பழகாத போலீஸை அது மொத்தமாக வாரிக்கொண்டு போனது. வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் அவர்கள் மடியிலிருந்த துப்பாக்கிகளை எடுத்துக் கூடைகளில் போட்டார்கள். யாரும் தடுக்கவில்லை. கடைசியாக மாஸ்க்கைக் கழற்றிய எஸ்.பி., கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி ஜெரோமிடம், "கூட்டம் வந்துட்டா?" என்று கேட்டார்.

"ஒங்களுக்குக் காய்ச்சல் ஐயா. பேசாம இருங்க" என்று சொல்லி, ஜெரோம் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

சூசைராஜுக்கு முன்னால் பிலோமினா நின்றுகொண்டிருந்தாள்.

"எப்பலேருந்து?" என்றார்.

"மொதல்ல கனவு மாதிரி வந்துச்சு. செத்துட்டான்னு நீங்க சொல்லுத மாதிரி கனவு. பெறவு வாரா வாரம் தெளிஞ்சுகிட்டே வந்துட்டு. எனக்கு மட்டும்னு நெனச்சேன். மரியதங்கத்துக்கும் அப்படித்தான், எல்லாருக்கும் அப்படித்தான். இன்னும் கேக்க வேண்டியது இருந்துச்சு, அதான் மறந்த மாதிரி இருந்தோம்." அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "வீட்டுல நீங்க காட்டுன மெசேஜைப் பாத்து நான் சிரிச்சேன் பாத்தியளா, அதான் கஷ்டமா இருந்துச்சு. அடி கஷ்டமா இல்ல."

"ஒண்ணு கேக்கேன். ஒடனே உயிர் போயிட்டுன்னு சொன்னீய. பாலவேசம் அப்படிச் சொல்லல. ரொம்ப நேரம் உசுரோட கெடந்தான், அவன் அப்பன் பக்கத்துலதான் நின்னான்னு சொல்லிட்டு அழுதாவ. லியோன் என்ன சொன்னான்?"

சூசைராஜின் கை மாஸ்க் வாருக்குப் போனது. ஒரு மூச்சு போதும். அவள் அவர் கையைத் தட்டிவிட்டு, மாஸ்க்கின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அடிபட்டு அடிபட்டு வீங்கிய கைதான், ஆனால் அவரால் அதை அசைக்க முடியவில்லை.

"சொல்லுங்க."

"அப்பப் பனி விட்டாச்சு. அவனுக்கு எதுக்கு அங்கன கெடக்கோம்னு தெரியல. குண்டு பட்டதும் தெரியல. மாஸ்க் போட்டிருந்ததால என்னைய அடையாளம் தெரியல." அவர் குரல் ரப்பருக்குள்ளிருந்து வந்தது. "சார், எனக்கு வயித்துல வலிக்கு, எந்திரிக்க முடியல, எங்க அப்பா போலீஸ்லதான் இருக்காவ, சூசைராஜ் ஏட்டுன்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும், அவியகிட்டச் சொல்லுங்க, ஓடி வந்துருவாவன்னு சொன்னான்."

"நீங்க என்ன சொன்னீய?"

"எஸ்.பி. பாத்துக்கிட்டு நின்னாரு பிலோமி. மாஸ்க்கைக் கழட்டுனா எனக்கும் எல்லாம் போயிரும்."

"என்ன சொன்னீய?"

"சரி தம்பி, சொல்லுதேன்னு சொன்னேன்."

பிலோமினா மாஸ்க்கின் வாரை இழுத்து, ஒரு துளை தள்ளி இறுக்கி மாட்டினாள். ஊர் ஏற்கெனவே ஆலையின் பக்கவாட்டு வழியாக உப்பளத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இடம் காட்டச் சொன்னாள். அவர் காட்டினார். வெள்ளையாகக் காய்ந்து கிடந்த ஒரு பாத்தி, மற்றப் பாத்திகளைப் போலத்தான் இருந்தது. யாரோ கொண்டுவந்திருந்த மம்பட்டியை அவள் அவரிடம் நீட்டினாள்.

வெயிலில் மாஸ்க்குக்குள் வியர்வை வழிந்து கண் எரிந்தது. மூச்சு முட்டியது.

"பிலோமி, இங்கன பனி வராது. இதைக் கழட்டிக்கிடட்டுமா?"

"வேண்டாம்" என்றாள் பிலோமினா. "அவன் கடைசியாப் பாத்தது இந்த மூஞ்சியைத்தான். இதோடயே தோண்டுங்க."

அவர் மம்பட்டியை வாங்கிக்கொண்டார்.